வேங்கை மெஷினுக்கு ஆள் பிடித்த கதை

அந்த பிளக்ஸைப் பாக்காதீங்க. நீங்க பாத்தா நானும் பாக்கணும், பாத்தா எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும். கிரைண்டர் மேல தூசி விழக் கூடாதுன்னு எவனோ எடுத்துப் போத்தி வெச்சிருக்கான். கிழிச்சுக் குப்பையில போடுங்கடான்னு எத்தனையோ தடவ சொல்லிப் பாத்துட்டன். கெட்டித் துணிங்க, மழைக்கு ஆகும்ங்கறானுக. கருமம்.

உக்காருங்க. மெக்கானிக் சோறு திங்கப் போயிருக்கான், வந்துருவான். உங்க கிரைண்டருக்கு ஒண்ணும் ஆகல. பெல்ட்டு தேஞ்சிருக்கும், அவ்வளவுதான். கல்லு நல்லா இருக்குது. கல்லு போச்சுன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. எங்க கம்பெனிக் கல்லுக்கு நான் பொறுப்பு.

என்ன கேட்டீங்க? பிளக்ஸ்ல இருக்கற அந்தப் பொண்ணு யாருன்னா? பாக்காதீங்கன்னா அதையேதான் பாக்கறீங்க. பேரு சங்கரகோமதி. ஊரு சங்கரன்கோயில். நடிகையெல்லாம் இல்லீங்க. கம்ப்யூட்டர்ல கேமு செய்யற பொண்ணு. எம்பட பொழப்பு இந்த சர்வீஸ் கவுன்ட்டர்ல வந்து நின்னதுக்கு அந்தப் பொண்ணுதான் காரணம். அது மட்டுமா, அது மாதிரி ஒரு கூட்டமே காரணம். நன்றி கெட்ட கூட்டம். நெனச்சாலே வாயெல்லாம் கசக்குது.

சொல்றன், கேளுங்க. உங்களுக்கும் பொழுது போகணுமில்ல.

என்னைப் பாத்தா டோக்கன் போட்டுக் குடுக்கற ஆளாட்டத் தெரியுதுங்களா? கிரைண்டர் விக்கற எந்தக் கடையிலயாச்சும் போயி கிட்டுசாமின்னு சொல்லிப் பாருங்க. ஓசூருல இருந்து நாகர்கோயில் வரைக்கும் டீலர் பூராவும் எந்திரிச்சு நிப்பான். நான் டீலர் மீட்டிங் போட்டா கல்யாணம் தோத்துப் போகும். வாசல்ல நாதஸ்வரம், உள்ள வந்தா பன்னீர், சந்தனம், ஆளுக்கொரு பொன்னாடை, சம்சாரத்துக்குப் பட்டுச்சேலை. அதிகமா வித்தவனுக்குத் தாய்லாந்து டூரு. மனுசனை எப்படிப் புடிக்கறதுன்னு எனக்குத் தெரியுமுங்க. மரியாதைக்கு மயங்காத ஒருத்தனைக் கூட நான் பாத்ததில்ல. அந்தக் கூட்டத்தைப் பாக்கற வரைக்கும்.

எங்க முதலாளி வெள்ளியங்கிரி அய்யா, பெரியவருன்னுதான் நாங்க சொல்றது, மோட்டார் வாங்கலாம்னு தைவான் போனாரு. போனவரு மோட்டாரோட வந்திருக்கலாம். கேம் மெஷினோட வந்தாரு. டி.வி.யில சொருகி, கையில ரிமோட்டாட்ட ஒண்ணப் புடிச்சுட்டு ஆடறாங்க பாருங்க, அது. வெளிநாட்டுக்காரன் மெஷின் ஊரு பூரா விக்குது, நம்ம பேருல நம்ம வெலையில ஒண்ணு விட்டா என்னன்னு அவருக்கு ஒரு ஆசை. வேங்கைன்னு பேரு வெச்சாரு. பேரு நல்ல பேருதான். அதுல குத்தம் சொல்ல முடியாது.

என்னைக் கூப்பிட்டாரு. "கிட்டு, மெஷினை நாம விட்டுருவம். ஆனா உள்ள ஓட்டறதுக்குக் கேமு வேணும். அதை நாம செய்ய முடியாது. வெளிய பசங்க செய்யறானுக. அவனுகளை நம்ம மெஷினுக்கு நீதான் கூட்டியாரணும்"னாரு.

"அத்தனை டீலரையும் கூட்டியாந்தவனுங்க நானு. இவனுக எம்மாத்தரமுங்க அய்யா?"ன்னன்.

"மெஷின் ஓடிருச்சுன்னா அந்தப் பிரிவுக்கு நீதான் டைரக்டர்"னாரு. ஓடலைன்னா என்னாகும்னு நான் கேக்கல. கேக்கத் தோணல பாருங்க.

அப்பறம் பெங்களூருல இருந்து ஒருத்தனைக் கூட்டியாந்தாங்க, யோசனை சொல்றதுக்கு. அவன் சொன்ன யோசனை என்ன தெரியுங்களா? கேமு செய்யறவனுக்கு முதல்ல மெஷினை அனுப்பி வைங்க. உள்ள என்ன இருக்குது, எப்படி வேலை செய்யுதுன்னு தெளிவா எழுதிக் குடுங்க. சந்தேகம்னு கேட்டா எடுத்துச் சொல்றதுக்கு ஒரு ஆளைப் போடுங்க. அவ்வளவுதானாம்! இதைச் சொல்றதுக்கு ஏரோப்பிளேன்ல வந்திருக்கான். நான் சிரிச்சுப்போட்டன். மனுசனைக் கூப்பிடறதைப் பத்திப் பேசறான், மரியாதைங்கற சொல்லு ஒரு வாட்டி அவன் வாயில வரல.

இன்னொண்ணுங்க. சாம்பிள் வெளிய போகக் கூடாது. அது எம்பட சட்டம். கரூர்ப் பக்கம் ஒரு டீலரு, சனத்துக்கு ஓட்டிக் காட்டறனுங்கன்னு கிரைண்டரை வாங்கிட்டுப் போனான். சந்தேகப்பட்டுப் போயிப் பாத்தா, அவன் சம்சாரம் அதுல மாவாட்டிப் பாக்கெட் போட்டு ஊரெல்லாம் வித்துட்டிருக்குது. கையும் களவுமாப் புடிச்சது நான். அன்னைக்குத்தான் பெரியவரு எம்பட தோள்ல கையப் போட்டாரு. அப்பிருந்து இந்தக் கம்பெனியில இருந்து ஒரு சாம்பிள் வெளிய போனதில்ல.

தைவான்காரன் ஒரு லோடு மெஷினைத் தனியா அனுப்பியிருந்தான், கேமு செய்யறவங்களுக்குக் குடுக்கறதுக்குன்னு. பிரிச்சுப் பாத்தா எனக்கு அருவருப்பாப் போச்சு. பெயிண்டு இல்ல, பேரு இல்ல, வெள்ளை வெளேர்னு, மூடியில ஸ்குரூவெல்லாம் தெரியுது. வேலை முடியாத சாமானைக் கையில குடுத்தா நம்ம கம்பெனியப் பத்தி நாலு பேரு என்ன பேசுவாங்க? ஒரு ரூமுல வெச்சுப் பூட்டிப்போட்டன்.

அவனாசி ரோட்டுல பெரிய ஓட்டல்ல மீட்டிங்கு போட்டன். கேமு செய்யறவனெல்லாம் வாங்கன்னு. டீலருக்குச் செய்யறதை விட ஒரு படி மேலயே செஞ்சன். வந்தானுக பாருங்க! அரை டவுசரு. ரப்பர் செருப்பு. ஒருத்தன் பனியன்ல மண்டை ஓடு போட்டிருக்குது, அது மேல நான் பொன்னாடை போத்தோணும். கை கூசுச்சுங்க. அவன் என்ன பண்ணுனான் தெரியுங்களா? பாயசம் குடிச்சு முடிச்சுட்டு அந்தப் பொன்னாடையில வாயத் தொடைச்சான். எம்பட கண்ணு முன்னாலயே. சீ! இன்னைக்கு நெனச்சாலும் கொமட்டுது.

பெரியவரு பேசிட்டிருக்காரு. கிரைண்டர்ல ஆரம்பிச்சு, அவங்கப்பாரு பட்டறை வெச்ச கதைக்கு வந்துட்டாரு. அவரு கண்ணு கலங்கற எடம் அது. பின்னாடி ஒருத்தன் கையத் தூக்கறான். "சார், மெமரி எவ்வளவு சார்?"ங்கறான். ஏனுங்க, ஒரு பெரிய மனுசன் அப்பனப் பத்திப் பேசறப்ப கேக்கற கேள்விங்களா அது? இன்னொருத்தன், "மெஷின் எப்ப சார் கைக்கு வரும்?" சாப்பிட்டதும் வரும் தம்பின்னன், ஒரு தமாசுக்கு. ஒருத்தனும் சிரிக்கல. நெசமாவே சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து வரிசை கட்டி நிக்கறானுக, மெஷின் வாங்கறதுக்கு! பந்தியில உக்கார வெச்சுப் பரிமாறுனவனைப் பாத்து எலும்புத் துண்டு கேக்கற மாதிரி இருந்துச்சு எனக்கு. ஆளுக்கொரு குத்துவிளக்கைக் குடுத்து அனுப்பிச்சன். வெள்ளி முலாம் போட்டது. கொஞ்சப் பேரு அதை மேசை மேலயே விட்டுட்டுப் போயிட்டானுக.

அந்தக் கூட்டத்துல கொஞ்சம் மனுசத் தன்மையா இருந்தது இந்தப் பொண்ணுதான். நல்ல சுடிதாரு, தலையில பூவு. பெரியவருக்குக் கை கூப்புச்சு. விளக்கைத் துணியில சுத்திப் பத்திரமாப் பையில வெச்சுக்கிச்சு. போன்ல ஒரு கேமு விட்டிருந்துச்சு அது, பரோட்டாக் கடைன்னு. மாவு பெசையோணும், வீசோணும், கல்லுல போடோணும், ஆளு வரவரக் குடுக்கோணும். சால்னா தீந்துபோச்சுன்னா சனம் திட்டும், அந்தூருப் பாசையில. பெரியவரு வாங்கி ஆடுனாரு பாருங்க, எந்திரிக்கவே இல்ல. சோத்துக்குக் கூப்பிட்டா கையக் காட்டி இருன்னுட்டாரு. அவரு அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்க.

"கிட்டு, வேற எவன் வந்தாலும் வராட்டியும் போகுது. இந்தப் பரோட்டாக் கடை நம்ம மெஷின்ல, பெரிய டி.வி.யில ஓடணும். அது இல்லாம மெஷினை வெளிய விட்டா நம்ம மானம் போயிரும்"னாரு.

அது எம்பட பொறுப்புங்க அய்யான்னு அவரு காலைத் தொட்டுச் சொன்னன்.

மறுநாளே போன் போட்டன். "செய்யுதேன் அண்ணாச்சி. ஆனா ஒரு மெஷினு தாங்க. போனு வேற, இது வேறல்லா? அதுல போட்டுப் பாத்தாத்தான் ஓடுதா, தடுக்குதான்னு தெரியும்"னுச்சு.

"மெஷின் வெளிய வந்ததும் மொத ஆளா உனக்குத்தான் கண்ணு"ன்னன்.

"வெளிய வர்ற அன்னைக்கே கேமும் வேணும்னு சொல்லுதீய. பொறவு எப்படி?"ன்னுச்சு.

கேட்டீங்களா பேச்சை? நான் கோவிக்கல. மைசூர்பாக் அனுப்பிச்சன், நெய்யி சொட்டச் சொட்ட. மைசூர்பாக் நல்லாருந்துது அண்ணாச்சி, மெஷினு எப்ப அனுப்புதீயன்னு கேட்டுச்சு. தீபாவளிக்குப் பட்டுச்சேலை அனுப்பிச்சன். அம்மைக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு அண்ணாச்சி, மெஷினுன்னு கேட்டுச்சு. எம்பட சம்சாரம் சரசாத்தா கூடச் சொன்னா, ஒரு மெஷினைக் குடுத்தாத்தான் என்னங்கன்னு. அவளுக்கு என்னங்க தெரியும் யாவாரத்தைப் பத்தி?

சரி, இது சின்னப் பொண்ணுகிட்டப் பேசி ஆகற காரியம் இல்ல, பெத்தவங்ககிட்டப் பேசோணும்னு முடிவு பண்ணுனன். முறையாப் போகோணுமில்ல? தாம்பாளத் தட்டு, ஆப்பிளு, ஆரஞ்சு, தேங்கா, வெத்தல பாக்கு, மல்லிப்பூ. சரசாத்தாளையும் கூட்டிக்கிட்டுக் காரை எடுத்துட்டு சங்கரன்கோயில் போயிட்டன்.

அவங்கப்பாரு சண்முகவேல்னு பேரு, கூட்டுறவு சொசைட்டியில வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு. நல்ல மனுசன். தட்டைப் பாத்தாரு, சரசாத்தாளைப் பாத்தாரு, சட்டையை மாட்டிக்கிட்டு வந்து உக்காந்தாரு. உள்ள திரும்பி, "ஏட்டி, காப்பி போடு"ன்னாரு.

"கோயமுத்தூர்ல இருந்து வர்றமுங்க. உங்க பொண்ணு விசயமா"ன்னன்.

"ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி. மாப்பிள்ளை என்ன பண்ணுதாரு?"ன்னாரு.

மாப்பிள்ளை இல்லீங்க, மெஷினுன்னன். மனுசன் மொகம் போன போக்கை நீங்க பாக்கோணுமே! அதுக்குள்ள பக்கத்து வீட்டம்மா ரெண்டு பேரு வாசல்ல வந்து நின்னு எட்டிப் பாக்கறாங்க. நான் எல்லாத்தையும் வெவரமா எடுத்துச் சொன்னன். கம்பெனி எப்பேர்ப்பட்ட கம்பெனி, பெரியவரு எப்பேர்ப்பட்டவரு. அவரு கேட்டுக்கிட்டாரு. கடைசியில எந்திரிச்சு, ரெண்டு கையிலயும் தட்டை வாங்கிக்கிட்டாரு. "இவ்வளவு தூரம் தேடி வந்துருக்கீய. எம் மவ செய்வா அண்ணாச்சி"ன்னாரு. காரியம் முடிஞ்சுதுன்னு எனக்குப் பூரிச்சுப் போச்சு.

உள்ள இருந்து வந்துச்சு பாருங்க அந்தப் பொண்ணு. "எப்பா, தட்டை வாங்க ஒங்கள யாரு சொன்னா? கேமை நீங்களா செய்யப் போறீய?"ன்னுச்சு. அப்பறம் என்கிட்டத் திரும்பி, நல்லாப் பொறுமையா, "அண்ணாச்சி, இந்தத் தட்டுல இருக்க ஆப்பிள்ல போட்டா நான் கேமை ஓட்டிப் பாக்க?"ன்னுச்சு.

சரசாத்தா சிரிச்சுப்போட்டா. அங்கயே, அவங்க ஊட்டுக்குள்ளயே. திரும்பி வர்ற வழி பூராவும் அவகூட நான் பேசலீங்க.

ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. பெத்த அப்பன் தட்டை வாங்கியாச்சு. அதுக்கு மேல ஒரு பொண்ணு பேசலாமுங்களா?

இதுக்குள்ள இன்னொரு கம்பெனிக்காரன், பேரு வேண்டாம் விடுங்க, அவனும் ஒரு மெஷின் விடறான்னு கேள்வி. அவன் என்ன செஞ்சான்? மண்டை ஓட்டுப் பனியன்காரன்ல இருந்து எல்லாத்துக்கும் கூரியர்ல ஆளுக்கொரு மெஷினை அனுப்பி வெச்சான். நேர்ல வரல. வெத்தல பாக்கு இல்ல. ஒரு வாய் காப்பித்தண்ணி வாங்கிக் குடுக்கல. வெறும் அட்டைப் பெட்டி! அத்தனை பேரும் அவன் பின்னால ஓடிட்டானுக. என் பந்தியில தின்ன வாயி, எம் பொன்னாடை போத்துன தோளு. தூ! மனுசன்னா ஒரு மானம் வேண்டாமுங்களா?

கோமதி மட்டும் போகல. அதை ஒத்துக்கோணும். அதுக்கும் பெட்டி வந்திருக்குது, திருப்பி அனுப்பிருச்சு. ஏன்னு கேட்டன். "பெரியய்யா அவ்வளவு ஆசையா ஆடுனாவ அண்ணாச்சி. அவ்வோ மெஷின்லதான் மொதல்ல வரணும்னு பாக்கேன்"னுச்சு. அப்ப செய்ய வேண்டியதுதானே கண்ணுன்னன். போனை வெச்சிருச்சு.

வந்துருவா, அப்பனே சொல்லிட்டாருன்னு நம்பித்தான் இந்த பிளக்ஸை அடிச்சன். போட்டோ அதோட இன்டர்நெட் பக்கத்துல இருந்து எடுத்ததுங்க. கேக்கலதான். கேட்டா என்ன, சந்தோசந்தானே படும்?

மெஷின் வெளியீட்டு விழா. பெரிய மண்டபம், தவில், செண்டை, எல்லாம். சிறப்பு விருந்தினர் பொத்தானை அமுத்தினாரு. திரையில வேங்கை உறுமுச்சு. சனம் கை தட்டுச்சு. அப்பறம்? அப்பறம் ஒண்ணும் இல்லீங்க. உள்ள கேமே இல்லையே! வெறும் நீலத் திரை. எல்லாரும் பாக்கறாங்க. பேக்டரியில டி.வி. கலரு சரியா வருதான்னு பாக்கறதுக்குக் கலர்ப் பட்டை ஒண்ணு வெச்சிருப்பாங்க, அதைப் போட்டு விட்டன். செவப்பு, பச்சை, நீலம். ரிமோட்டை அமுத்துனா கலரு மாறும். அவ்வளவுதான். அந்த விருந்தினரு பாவம், விளையாட்டுன்னு நெனச்சு அமுத்திக்கிட்டே இருந்தாரு. ஜெயிச்சா என்னங்க வரும்னு மைக்குலயே கேக்கறாரு.

மஞ்சள் வருமுங்கன்னன்.

பெரியவரு எம்பட பக்கம் திரும்பல. ரெண்டு கையையும் மடியில வெச்சுட்டுத் தரையைப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு. ஒரு வார்த்தை திட்டி வெஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். வெய்யல.

மண்டபம் காலியாயிருச்சு. விக்கற கவுன்ட்டர்ல ஒரே ஒரு ஆளு நிக்குது. பாத்தா இந்தப் பொண்ணு. மேல பிளக்ஸ்ல அதோட மொகம் ஆளுயரத்துக்கு, கீழ அது பர்ஸைத் தொறந்துட்டு நிக்குது. நான் ஓடுனன். "வா கண்ணு, மேடைக்கு வா, பெரியவரு இருக்காரு"ன்னன்.

பிளக்ஸை ஒரு வாட்டி அண்ணாந்து பாத்துச்சு. "பில்லு போடுங்க அண்ணாச்சி. பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னுச்சு. காசைக் குடுத்து மெஷினை வாங்கி, பையில வெச்சுட்டுப் போயிருச்சு. திமிரு. வேற என்னங்க அது?

அதுக்கப்பறம் என்ன, மெஷினை நிறுத்திப்போட்டாரு பெரியவரு. விக்காததெல்லாம் பிரிச்சு எடைக்குப் போட்டாச்சு. பூட்டி வெச்ச ரூமுல இருந்த வெள்ளை மெஷினும் சேத்தித்தான். ஒண்ணு கொறையாம எண்ணி நான்தான் எடுத்துக் குடுத்தன். அதுல எனக்கு ஒரு பெருமைங்க. அத்தனை கலாட்டாவுலயும் எம்பட கையத் தாண்டி ஒரு சாம்பிள் வெளிய போகல. பெரியவரு அதைக் கூடக் கவனிக்கல. இங்க வந்து உக்காந்துக்கன்னு சொல்லிப்போட்டாரு.

போன வாரம் கூரியர்ல ஒரு பென் டிரைவு. கூட ஒரு சேதி, போன்ல. "அண்ணாச்சி, பரோட்டாக் கடை ஒங்க மெஷின்ல நல்லா ஓடுது. பெரியய்யாட்ட காட்டுங்க"ன்னு.

வீட்டுல ஒரு மெஷின் இருக்குது. சாம்பிள் இல்லீங்க, காசு குடுத்து வாங்கினது, பில்லு வெச்சிருக்கறன். ஞாயித்துக்கெழமை மத்தியானம் சரசாத்தாதான் போடுங்க பாப்பம்னு உசுரை எடுத்தா. போட்டன்.

என்னத்தச் சொல்றதுங்க. டி.வி. பூராவும் கடை. கல்லுல எண்ணெய் காயற சத்தம், ரெண்டு கையிலயும் அடிச்சு நொறுக்கற சத்தம், ரோட்டுல பஸ்ஸு போறது. வரிசையில ஒரு பெரிய மனுசன் வந்து நிக்கறாரு, வெள்ளை வேட்டி, மூக்குக் கண்ணாடி, அதே சிரிப்பு. எங்க பெரியவரேதாங்க! அவரு வந்துட்டா கடையில எல்லாரும் எந்திரிச்சு நிக்கறாங்க. அழுகை வந்துருச்சுங்க, மறைக்கறதுக்கு என்ன இருக்குது.

அவருக்குப் பின்னால ஒருத்தன் வர்றான். கோயமுத்தூர்ப் பாசை. என்ன வேணும்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறான். அப்பாரு நல்லாருக்காருங்களா, அம்மா நல்லாருக்காங்களான்னு கேட்டுக்கிட்டே நிக்கறான். வரிசை நகர மாட்டேங்குது. பரோட்டா கல்லுல கருகுது. எவன்டா இவன்னு எனக்கே எரிச்சலாப் போச்சு. சரசாத்தா வயித்தப் புடிச்சுட்டுச் சிரிக்கறா, சிரிக்கறா, நிறுத்தவே இல்ல. எதுக்குச் சிரிச்சான்னு எனக்கு இன்னும் வெளங்கல.

பெரியவருகிட்டக் காட்டலீங்க. எந்த மொகத்தை வெச்சுட்டுப் போறது? இவ்வளவு நல்லாச் செய்யத் தெரிஞ்ச பொண்ணு, அன்னைக்கே செஞ்சு குடுத்திருந்தா நான் டைரக்டரு. அவரு தலை நிமிந்து உக்காந்திருப்பாரு. எல்லாத்தையும் கெடுத்துப்போட்டு இப்ப அனுப்பறதுங்க. அதுதான் எனக்கு வெறுத்துப் போச்சு.

என்னங்க? மெஷின் இல்லாம எப்படிச் செய்யும்னா? நீங்களும் அந்தக் கட்சிதானா! கடைசியில காசு குடுத்து வாங்கிட்டுப் போயித்தானே செஞ்சுது? அந்தக் காசை முன்னாடியே குடுத்து வாங்கியிருந்தா என்னவாம்?

ஆமாங்க. அப்ப விக்கலதான்.

விக்கலதானுங்க. சரி, விடுங்க.

நேத்து மறுபடியும் ஒரு சேதி. இருங்க, படிக்கறன். "அண்ணாச்சி, கேமோட வீடியோவைப் பாத்துட்டு ஊர்ப்பட்ட பேரு கேக்காவ. எல்லாருக்கும் வேணுமாம். மெஷினு எங்க கெடைக்கும்?"

பதில் போடல. என்னன்னு போடறது? எடைக்குப் போட்டாச்சுன்னா? பொழுதன்னிக்கும் போனை எடுத்துப் பாக்கறன், வெக்கறன். ஒரு சேலை கேட்டா நாளைக்கே அனுப்பிருவன். பலகாரம் கேட்டா கூடை கூடையா அனுப்பிருவன். அன்னைக்கும் மெஷினு, இன்னைக்கும் மெஷினு. அந்தப் பொண்ணுக்கு வேற ஒண்ணுமே கேக்கத் தெரியலீங்க.